அம்மாவுக்கும் மருமகள்களுக்கும் ஆகாத வீட்டில் மகன்கள் செய்ய வேண்டியது

கேள்வி சுருக்கமாக இதுதான். அண்ணன் தம்பி மூன்று பேர். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது, வீடு அம்மா பெயரில் இருக்கிறது. மூத்தவர் சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டார். நடு அண்ணி அதே வீட்டில் இருந்தும் மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்பவர் கடைசி மகன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, மனைவி வேலைக்குப் போகிறார், இப்போது ஐந்தாம் மாதம். என்ன சமைப்பது, யார் சம்பளம் எங்கே போவது, யார் எப்போது பிறந்த வீட்டுக்குப் போய் வருவது என்று எல்லாவற்றையும் அம்மாதான் முடிவு செய்கிறார். "அம்மாவை எப்படி மாற்றுவது?" என்று கேட்கிறார்.

மாற்ற முடியாது. அறுபதைத் தாண்டியவரின் சுபாவத்தை மகன் உட்கார்ந்து புத்தி சொல்லி மாற்றியதாக எங்கும் நடப்பதில்லை. அவருடைய அதிகாரம் நிற்கும் இடங்களை மாற்றலாம். எந்த வீட்டில் பார்த்தாலும் அவை நான்குதான்: அடுப்படி, பணம், சாவி, வீட்டுக்குள் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டு போகும் வழி. இந்த நான்கும் அம்மா பிடுங்கிக்கொண்டவை இல்லை, மகன்கள் "நமக்கு எதுக்கு வம்பு" என்று விட்டுக் கொடுத்தவை. அதனால் வேலையும் மகன்களுக்குத்தான். மருமகள்களைப் பார்த்து "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அவர்கள் அதைத்தான் இத்தனை நாளும் செய்துவந்தார்கள். மூத்தவர் வெளியேறியதும் நடு அண்ணி வாயை மூடிக்கொண்டதும் அதன் விளைவுதான்.

அம்மா ஏன் இப்படி இருக்கிறார் என்பதையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அவரை மன்னிப்பதற்காகச் சொல்லவில்லை, எதைத் தொட்டால் எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். உங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிக் கல்யாணமாகி வந்தவர்கள். தன் மாமியார் இருந்தவரை ஒரு படி அரிசி அளந்து போடக்கூட அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. மகன் பிறந்ததும் கொஞ்சம் மதிப்பு வந்தது, மகனுக்குக் கல்யாணம் ஆனதும்தான் வீடு கைக்கு வந்தது. இன்று பொறுத்துக்கொள், நாளை உன் முறை வரும் என்ற இந்தக் கணக்கை டெனிஸ் காண்டியோட்டி என்ற துருக்கியச் சமூகவியலாளர் 1988ல் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். மாமியார் மருமகள் விஷயத்தில் அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. உங்கள் மனைவிக்குச் சொந்தச் சம்பளம் இருப்பதால் இந்தக் கணக்கில் சேர வேண்டிய அவசியமே இல்லை. முப்பது வருடம் பொறுத்துத் தன் முறை வந்த நேரத்தில் ஆட்டத்தின் விதி மாறிவிட்டதே என்ற ஆத்திரம் அம்மாவிடம் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பு மாமா மகள், அத்தை மகள், அக்கா மகள் என்றே எடுத்தார்கள். வருகிறவள் சின்ன வயதிலிருந்து தெரிந்த பெண்ணாக இருப்பாள், ஏதாவது என்றால் பெண்ணின் தாயும் அம்மாவுக்குச் சொந்தக்காரராக இருப்பார். தமிழ்நாட்டில் இன்றும் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. மீதி வீடுகளில் ஜாதகமோ மேட்ரிமோனியோ கொண்டுவந்து சேர்த்த, முன்பின் பழக்கமில்லாத இருவர் ஒரே அடுப்படியில் நிற்கிறார்கள். சொந்தத்தில் எடுத்தால் சண்டை வராது என்று சொல்ல வரவில்லை. அங்கும் சண்டை வரும், ஆனால் சமாதானம் பேச ஆள் இருக்கும். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள் மட்டும்தான்.

முதல் வேலை, நீங்கள் பேசும் வாக்கியத்தை மாற்றுவது. பெரும்பாலான மகன்கள் சறுக்குவது இங்கேதான். "அவளுக்கு இது பிடிக்கல அம்மா", "அவ தீபாவளிக்கு அவங்க வீட்டுக்குப் போகணுங்கறா" என்று சொல்கிறார்கள். அந்த நொடியே முடிவு மருமகளுடையதாகிவிடுகிறது, மகன் வெறும் தூதுவன் ஆகிவிடுகிறான். அம்மாவின் கோபமும் வந்தவள் மேல் போகிறது. அதே முடிவை "நான் டிக்கெட் போட்டுட்டேன் அம்மா, சதுர்த்தசி அன்னிக்கு இங்க இருப்போம், மறுநாள் அங்க போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அம்மா கோபப்படுவார். ஆனால் அந்தக் கோபம் பெற்ற மகன் மேல் வருவது, இரண்டு நாளில் தணிந்துவிடும். மருமகள் மேல் வரும் கோபம் இருபது வருடம் நிற்கும், பேத்தி கல்யாணத்தில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள்.

சொல்லும்போது காரணத்தை விளக்காதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு எதிர்க்காரணம் வரும், அது வாக்குவாதமாகும், கடைசியில் "பெத்து வளர்த்ததுக்கு இதுதான் பலன்" என்று முடியும். முடிவு, தேதி, அம்மாவுக்கு அதில் உள்ள பங்கு ஆகிய மூன்றும் போதும். அவர் அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், முடிவை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு தடவை அழுகைக்கு இறங்கிவிட்டால் அடுத்த தடவை சோற்றைத் தள்ளி வைப்பார், அதற்கும் இறங்கினால் மாத்திரை போட மறுப்பார். அவர் தந்திரம் பண்ணுகிறார் என்று நினைக்க வேண்டாம். எது பலிக்கிறதோ அதையே மனிதர்கள் திரும்பச் செய்வார்கள்.

நேரமும் முக்கியம். சண்டை நடக்கும்போது எந்தப் புது விதியையும் அறிவிக்காதீர்கள். மருமகள் பக்கத்தில் நிற்கும்போதும் வேண்டாம். சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய் வரும் வழியிலோ, நீங்கள் மட்டும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போதோ சொல்லலாம். வாரத்தில் ஒரு அரை மணி நேரமாவது அம்மாவும் நீங்களும் மட்டும் பேசும் நேரம் இருக்க வேண்டும். மகன் தன்னோடு பேசுவதே வீட்டில் பிரச்சினை வந்தால்தான் என்று ஆகிவிட்டால், பிரச்சினை தானாகவே வாரம் ஒன்று வரும்.

அடுத்தது அடுப்படி. இங்கே எல்லோரும் வேலையைப் பிரிக்கிறார்கள். மருமகள் காய் நறுக்குவது, மாமியார் தாளிப்பது, மருமகள் பாத்திரம் கழுவுவது என்று. பார்க்க நியாயமாகத் தெரியும். நடப்பில் மாமியார் மேஸ்திரி, மருமகள் சித்தாள். வெண்டைக்காயை எந்த அளவில் நறுக்குவது என்பதில்கூட ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்க வேண்டும். இப்படிப் பிரிக்காமல் வேளை வேளையாகப் பிரிக்க வேண்டும். உதாரணமாக, வேலைக்குப் போகும் மருமகளுக்கு இரவுச் சாப்பாடும் ஞாயிறு மதியமும், அம்மாவுக்கு வார நாள் மதியம், நடு அண்ணிக்குக் காலை டிபன். அந்த வேளைக்கு என்ன சமைப்பது, எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம், எந்தப் பாத்திரம் என்பதெல்லாம் சமைப்பவர் இஷ்டம். மற்றவர்கள் அந்த நேரம் அடுப்பருகே போகக் கூடாது. குழம்பில் இரண்டு பேர் உப்பு போட்டால் குழம்பும் கெடும், பேச்சும் கெடும்.

இட்லி மாவு ஒன்றே போதும் இதை விளக்க. அம்மா நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போடுவார். மருமகள் பிறந்த வீட்டில் மூன்றுக்கு ஒன்று போட்டிருப்பார்கள், கூட ஒரு கைப்பிடி அவல். இரண்டிலும் இட்லி நன்றாகவே வரும். ஆனால் மருமகள் அரைத்த மாவு ஒரு நாள் குளிரில் பொங்காமல் போனால் "எங்க வீட்டு அளவுல போட்டிருந்தா இப்படி ஆகுமா" என்று வரும். அம்மா அரைத்தது புளித்துப் போனால் அது வெயிலின் குற்றம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று சும்மாவா சொன்னார்கள். மாவு அரைப்பதை ஒரே ஆளிடம் விடுங்கள், அம்மாவிடமே இருக்கட்டும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு, யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குப் பதிலாக மளிகைச் சாமான் பட்டியலை மருமகள்கள் எழுதட்டும். அடுப்படியில் நிஜமான அதிகாரம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது, கரண்டியில் இல்லை.

மகன்கள் சாப்பிடும்போது ஒரு விதி உண்டு. யார் சமையல் நன்றாக இருந்தாலும் இன்னொருவர் சமையலோடு ஒப்பிட்டுச் சொல்லக் கூடாது. "அம்மா வைக்கிற ரசம் மாதிரி இல்ல" என்று சாப்பாட்டு மேஜையில் சொன்ன ஒரு வார்த்தை ஆறு மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

பணத்தில் கறாராக இருங்கள். மனைவியின் சம்பளம் மனைவி பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், ஏ.டி.எம். கார்டும் அவரிடமே இருக்க வேண்டும். இதில் பேச்சுவார்த்தையே கிடையாது. சம்பளத்தை மொத்தமாக அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் செலவுக்கும் நாப்கினுக்கும் கை நீட்டுவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்று தனியாகவே சொல்லப்பட்டிருப்பது இதைப் போன்றவற்றைத்தான்.

ஆனால் அம்மாவின் பயமும் நியாயமானது. அப்பா இல்லை, தன் கையில் காசு இல்லை, நாளைக்கு மருத்துவச் செலவுக்கு யாரைக் கேட்பது என்று அவர் நினைக்கிறார். அதனால் இரண்டு கணக்கு வேண்டும். முதலாவது வீட்டுச் செலவுக் கணக்கு. கரண்ட், மளிகை, பால், கேஸ் எல்லாம் சேர்த்து மாதம் 36,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சம்பாதிக்கும் மூவருக்கு 30,000, 50,000, 80,000 என்று வருகிறது. ஆளுக்கு 12,000 என்று பிரித்தால் குறைவாகச் சம்பாதிப்பவர் வீட்டில் சண்டை வரும். விகிதப்படி எடுத்தால் 6,750, 11,250, 18,000 என்று வரும், அதாவது ஒவ்வொருவர் சம்பளத்திலும் 22.5 சதவீதம். இதை மாதம் 5ஆம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும். இரண்டாவது அம்மாவின் சொந்தக் கணக்கு. வீட்டுச் செலவுக்குச் சம்பந்தமில்லாமல், தனிக்குடித்தனம் போன மூத்தவர் உட்பட மூன்று மகன்களும் ஆளுக்கு 2,000 அல்லது 3,000 அதில் போட வேண்டும். அதை அவர் பேரப்பிள்ளைக்குச் செலவழிக்கட்டும், உண்டியலில் போடட்டும், சீட்டு கட்டட்டும், யாரும் கேட்கக் கூடாது. கையில் தனக்கென்று ஒரு தொகை வந்துவிட்டால், மருமகளின் சம்பளத்தைப் பற்றிய பேச்சு பாதியாகக் குறைந்துவிடும்.

நகை விஷயத்தில் பெரும்பாலான வீடுகளில் தவறு கல்யாணத்தன்றே நடந்துவிடுகிறது. "பத்திரமா என் பீரோவுல இருக்கட்டும்" என்று வாங்கி வைப்பார்கள். பிறகு நாத்தனார் சீமந்தத்துக்கோ, தம்பி கல்லூரிக் கட்டணத்துக்கோ அது அடகுக்குப் போகும். பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது வந்த நகையும் பொருளும் அவளுக்கே சொந்தம். கணவனோ மாமியாரோ வைத்திருந்தாலும் பாதுகாவலர் மட்டுமே, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. இப்போது செய்யக் கூடியது, மனைவி பெயரில் ஒரு வங்கி லாக்கர், ஒவ்வொரு நகைக்கும் போட்டோ, எத்தனை சவரன், எந்தக் கடை ரசீது என்று ஒரு பட்டியல். கேட்டால் "வேலைக்குப் போற வீடு, பகல்ல ஆள் இல்ல, திருட்டு பயம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்தான்.

சாவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. உங்கள் அறைக் கதவைத் தட்டாமல் அம்மா உள்ளே வருவதாக மனைவி சொன்னால், அந்த அறையில் அம்மாவின் பொருள் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய பட்டுப்புடவைகள் இருக்கும் பீரோ, பரணில் பித்தளைப் பாத்திரம், கட்டிலுக்கடியில் அரிசி மூட்டை, இப்படி ஏதாவது இருக்கும். அதை எடுக்கத்தான் வருகிறேன் என்பது அவருக்குக் கிடைக்கும் நியாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வளவையும் அவர் அறைக்கு மாற்றிவிட்டு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போட்டுவிடுங்கள். இதற்கு ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

பெரும் சேதம் நடப்பது நான்காவதான, சேதி போகும் வழியில்தான். மூத்த மருமகளிடம் நடு மருமகளைப் பற்றி, நடு மருமகளிடம் சின்னவளைப் பற்றி. "அவ எவ்வளவு தேவல, நீ இப்படி இருக்கியே" என்று எதிரில் இல்லாதவளைத் தூக்கிப் பேசுவது அம்மாவின் வழக்கமாக இருக்கும். மூன்று பேருக்கும் தனித்தனியாக இதே கதைதான், ஆளுக்கேற்ப பெயர் மட்டும் மாறும். ஓரகத்திகள் மூவரும் ஒருவரை ஒருவர் வெறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அவர்களுக்குள் நேரடியாக எதுவும் நடந்திருக்காது. உங்கள் மனைவி மூத்த அண்ணிக்கு நேராகப் போன் பண்ணிப் பேசட்டும். மாமியாரைப் பற்றிப் பேச வேண்டாம், குழந்தை ஸ்கூல், புடவை, வேலை என்று சாதாரணமாகப் பேசட்டும். அந்தத் தொடர்பு இருந்தால் நடுவில் வருகிற சேதியின் எடை குறைந்துவிடும். கூடவே ஒரு கட்டுப்பாடு வேண்டும். "அம்மா உங்களைப் பத்தி இப்படிச் சொன்னாங்க" என்பது மூவரில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, மகன்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

நடு அண்ணி பேசாமல் இருப்பதை உடைக்க முயலாதீர்கள். அது அவர் கண்டுபிடித்த வேலி. அவரை வற்புறுத்திக் காலில் விழவைத்துச் சமாதானம் பண்ணினால் ஒரு வாரம் தாங்கும். வேளைப் பிரிவும் கணக்கும் சரியாக நடந்தால் ஐந்தாறு மாதத்தில் "மாவு தீர்ந்துடுச்சு அத்தை" என்கிற அளவுக்கு அவரே பேசுவார். அது போதும்.

இனி அவசரமான விஷயம், பிரசவம். அம்மாவின் அதிகாரமும் மருமகளின் பயமும் உச்சத்தில் மோதும் காலம் இது. சில முடிவுகளை இப்போதே எடுத்துவிடுங்கள். வளைகாப்பு எந்த மாதம், அதற்குப் பின் பிறந்த வீட்டுக்கு எப்போது கிளம்புவது, எந்த மருத்துவமனை, குழந்தை பிறந்து எத்தனையாவது மாதம் திரும்பி வருவது. இதையெல்லாம் சம்பந்தி இருவரையும் உட்கார வைத்து, நீங்களே சொல்லுங்கள். தனியார் வேலை என்றால் முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக் கூடியது அதிகபட்சம் 8 வாரம். அந்தக் கணக்கை வைத்துத் தேதி போட்டால் "எப்ப வருவா, எப்ப வருவா" என்ற கேள்விக்கு இடமிருக்காது.

குழந்தை வந்ததும் சண்டை வரும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். பிறந்ததும் சேனை வைப்பது, தேனைத் தொட்டு நாக்கில் வைப்பது, வெயில் காலம் என்று தண்ணீர் புகட்டுவது, கண்ணில் மை இடுவது, பிள்ளை பெற்றவளுக்கு "வயிறு போட்டுடும்" என்று தண்ணீரைக் குறைப்பது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் நஞ்சாகலாம். கடை மையில் ஈயம் இருக்கலாம். பால் கொடுப்பவள் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். இதையெல்லாம் மருமகள் சொன்னால் "நாங்க எல்லாம் புள்ளை பெக்கலியா" என்று வரும், மகன் சொன்னால் "பொண்டாட்டி சொல்லிக் கொடுத்தது" என்று வரும். முதல் தடுப்பூசிக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், குழந்தை மருத்துவரிடம் அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருத்துவர் அவரைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். வெளியே வந்ததும் ஒன்றும் பேசாதீர்கள். அதோடு அம்மாவுக்கென்று சில வேலைகளை முழுசாக விட்டுவிடுங்கள். குளிப்பாட்டுவது, தொட்டில் கட்டித் தாலாட்டுவது, பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் செய்து போடுவது. இவற்றில் அவருக்கு உள்ள கைப்பக்குவம் நிஜமானது, அதை மறுப்பது மடத்தனம்.

இவ்வளவும் செய்து ஒரு வருடம் கழித்தும் மனைவி தூங்க முடியாமல், சாப்பிட முடியாமல் இருந்தால் தனிக்குடித்தனம் போய்விடுங்கள். அது தோல்வி இல்லை. ஆனால் மூத்தவர் போன மாதிரி போகாதீர்கள். சண்டை முடிந்த இரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அது ஊருக்கே "மருமக பிரிச்சுட்டா" என்றாகும். மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள். காரணம் ஆபீஸ் தூரமோ குழந்தைக்கு இடமோ, எதுவானாலும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வீடு நடந்து போகும் தூரத்திலோ, ஒரு பஸ் தூரத்திலோ இருக்கட்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி என்று அம்மா தள்ளிப்போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள், அதிலேயே தையிலோ ஆவணியிலோ ஒரு நாள் குறித்துக் கொடுக்கவும் அவரையே கேளுங்கள். புது வீட்டில் பால் காய்ச்சுவது அவர் கையாலேயே நடக்கட்டும். நாள் குறித்துப் பால் காய்ச்சிக் கொடுத்தவர் அந்த வீட்டைப் பிறகு சபிக்க மாட்டார். மாடி போர்ஷனிலேயே தனி அடுப்பு வைத்தாலும் பலன் அதேதான். குடும்ப அட்டையைப் பிரிக்க வேண்டுமென்றால் தனிச் சமையலறை இருக்க வேண்டும், பழைய அட்டையில் பெயரை நீக்கிவிட்டுத்தான் புதியதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. அம்மா எப்போதுமே இப்படியா, அல்லது சமீபத்தில் மாறினாரா? எப்போதும் அதட்டுபவர் என்றால் அது சுபாவம். ஆனால் அறுபத்தைந்துக்கு மேல், "என் மோதிரத்தை அவ எடுத்துட்டா", "சோத்துல என்னமோ கலக்கறாங்க", "ரெண்டு பேரும் என்னைப் பத்தியே பேசறாங்க" என்று புதிதாக ஆரம்பித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொருளை வைத்த இடம் மறந்து மருமகளைத் திருடி என்பது மறதி நோயின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். காது மந்தமானவருக்கு எதிரில் நடக்கும் பேச்செல்லாம் தன்னைப் பற்றிய கிசுகிசுப்பாகவே தோன்றும். தைராய்டு, பி12 குறைவு, அப்பா போனபின் வந்த மனச்சோர்வு எல்லாமே இப்படி எரிச்சலாக வெளிப்படும். ரத்தப் பரிசோதனை, காது பரிசோதனை, தேவைப்பட்டால் மனநல மருத்துவர், இந்த வரிசையில் போங்கள். போனில் பேச 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

அதட்டலுக்கும் கொடுமைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. சாப்பாட்டை ஒளிப்பது, போனைப் பிடுங்குவது, பிறந்த வீட்டோடு பேசவிடாமல் வைப்பது, கர்ப்பிணியை டாக்டரிடம் போகவிடாமல் தடுப்பது, கை நீட்டுவது, "உங்க வீட்டுல என்ன போட்டாங்க" என்று சீர் கேட்பது, இவையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். 181 பெண்கள் உதவி எண். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலம் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனு கொடுக்கலாம். மாமியாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். எதிர்மனுதாரர் "வயது வந்த ஆண்" என்று அந்தச் சட்டத்தில் இருந்த சொற்களை உச்ச நீதிமன்றம் 2016ல் நீக்கிவிட்டபின் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் மருமகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை எழலாம் என்று 2020ல் தீர்ப்பு வந்தது, ஆனால் அது முழுமுற்றான உரிமை இல்லை, மாற்று வீடு கொடுத்து அனுப்பவும் நீதிமன்றம் சொல்லலாம். கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று இருந்தது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. மனைவி மாமனார் மாமியாரைப் பிரியச் சொன்னாலே விவாகரத்து கிடைக்கும் என்று 2016 தீர்ப்பு ஒன்றை வாட்ஸப்பில் சுற்றவிடுவார்கள். அந்த வழக்கில் தற்கொலை மிரட்டலும் பொய்யான கள்ளத்தொடர்புப் புகாரும் சேர்ந்திருந்தன. அதை எடுத்துக்கொண்டு மனைவியிடம் காட்டாதீர்கள்.

மறுபக்கம், அம்மாவுக்கும் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். கவனியுங்கள், அந்தச் சட்டம் பொறுப்பாளியாகச் சொல்வது மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தி ஆகியோரை. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. முதியோர் உதவிக்கு 14567.

கடைசியாக வீடு. மூன்று மருமகள்களில் யார் மேலாவது கோபம் வரும்போதெல்லாம் "வீட்டை இன்னவனுக்கு எழுதி வச்சுடுவேன்" என்பது அம்மாவின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். அவர் சொத்து, அவர் இஷ்டம், அதில் தலையிடாதீர்கள். ஆனால் கோபத்தில் தான செட்டில்மெண்ட் எழுதினால் அன்றோடு சொத்து கைமாறிவிடும், திரும்ப வாங்குவது நீதிமன்ற அலைச்சல். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால், ஆயுள் உள்ளவரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையும், பராமரிக்கத் தவறினால் பத்திரம் செல்லாது என்ற நிபந்தனையும் அதில் எழுதச் சொல்லுங்கள், பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தரும் 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்போதுதான் சிக்கலில்லாமல் கைகொடுக்கும். உங்கள் பக்கமும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இந்து வாரிசுச் சட்டப்படி உயில் இல்லாமல் மகன் இறந்தால் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சமமாகத் தாய்க்கும் ஒரு பங்கு போகும். மாமியாரும் மருமகளும் அந்த நேரத்தில் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் எதிரெதிரே நிற்க வேண்டாம் என்றால், பிரசவத்துக்கு முன்பே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன் போட்ட பி.எஃப். நாமினி நியமனத்தையும் புதுப்பித்துவிடுங்கள்.